வலது கால் பெற்றுக்கொள்ளப்பட்டது

நவம்பர் 3, திங்கள்

மேகமூட்டம். மழை வருவதாகப் பாவனை காட்டிவிட்டுப் பேரணாம்பட்டு பக்கம் போய்விட்டது.

இன்று காலை நிறுவன வரலாற்றில் ஒரு முக்கிய முடிவு. ரப்பர் ஸ்டாம்புக்கு இனி நீல மை கிடையாது. ஊதா. பங்குதாரர்கள் இருவரும் முழுமையாக வந்திருந்து விவாதித்தோம். முனீர் பாய் நீலம். நான் ஊதா. நீலம் ஆஸ்பத்திரிச் சீட்டுபோல் இருக்கிறது. ஊதாவில் ஒரு கண்டிப்பு உண்டு. ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் நாங்கள் வேலை பார்த்த காலம் முழுக்க ஊதாதான். கடைசியில் பாய் விட்டுக்கொடுத்தார்.

"எந்த மையா இருந்தா இன்னா மேடம். நம்ம கடையில பேப்பரே கெடையாதே."

உண்மை. கடை முழுவதும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. பெயர் பாதரட்சை. ஆம்பூரில் எங்கள் வீட்டு முன்னறை அதன் தலைமையகம், கிடங்கு, உலகளாவிய விநியோக மையம். கடைக்கு ஸ்டாம்ப் எதற்கு என்ற கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை.

வாங்க: ஊதா மை. அகல டேப். ஜெ.வுக்குப் பிரஷர் மாத்திரை. தக்காளி (விலை கேட்டபின்).

மதியம் மின்னஞ்சல். கார்டு பணத்தை வாங்கி எங்கள் கணக்கில் சேர்க்கும் கம்பெனியிடமிருந்து. ஒரு வாடிக்கையாளர் "தகராறு" எழுப்பியிருக்கிறாராம். ஏற்பாடு இப்படி: வாங்கியவர் தன் கார்டு வங்கியிடம் போய்ப் பொருள் சரியில்லை என்கிறார். வங்கி பணத்தை எங்கள் பக்கமிருந்து பிடித்து வைக்கிறது. திரையில் இரண்டு பொத்தான்கள். ஏற்கிறேன். எதிர்க்கிறேன். எதிர்த்தால் சனிக்கிழமைக்குள் ஆதாரம் அனுப்ப வேண்டும்.

இது மூன்றாவது. முதலாவது மதுரைக்காரர். பொருளில் குறையில்லை. கடைப் பெயர் பாதரட்சை; வங்கிக் கணக்கோ என் வீட்டுக்காரர் ஜெ. பெயரில். கார்டு பில்லில் 'ஜெயசீலன்' என்று விழுந்திருக்கிறது. யார் இந்த ஜெயசீலன் என்று அவர் மனைவி கேட்டிருக்கிறார். அவருக்குப் பதில் தெரியவில்லை. வங்கியிடம் போய்விட்டார். இரண்டாவது சேலத்து அம்மாள். கடிக்கிறது என்றார். இரண்டையும் ஏற்றோம்.

மூன்றாவதிலும் தோற்றால் கார்டு வசதி "மறுபரிசீலனை செய்யப்படும்" என்று கீழே ஒரு வரி. முப்பது வருடம் இந்த மொழியில் கடிதம் அடித்தவள் நான். மறுபரிசீலனை என்றால் நல்லடக்கம். நேரம் மட்டும் பின்னர் அறிவிக்கப்படும்.

கார்டு இல்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் நான் டி.வி. முன்னால், பாய் பேரணாம்பட்டில் மருமகள் சமையலறை வாசலில். ரிடையர் ஆன முதல் வருடம் அவர் சொன்னது நினைவிருக்கிறது: "வீட்ல குந்திக்கினு இருந்தா நான் சாமானாயிடுவேன் மேடம். தூசி தட்டி வெப்பாங்க."

பாயிடம் சொல்லவில்லை. சாயந்திரம் வெளியூர் போகிறார். தங்கை வீட்டுக் கல்யாணம். நல்ல மனநிலையில் அத்தர் பூசி வந்திருந்தார். தவிர, காகிதம் என் இலாகா.


நவம்பர் 4, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை.

தகராறுக்காரர் பெயர் தர்மராஜ். கனடா. பூர்வீகம் குடியாத்தம். எங்கள் முதல் வெளிநாட்டு ஆர்டர், இதுவரை கடைசியும். ஆர்டரோடு ஒரு வரி எழுதியிருந்தார்: மகள் கல்யாணத்துக்குப் போட ஊர்க்காரர்களிடம் வாங்க வேண்டும் என்று ஆசை. கறுப்பு, லேஸ் வைத்தது.

அந்த நாள் நினைவிருக்கிறது. படித்துச் சொன்னதும் பாய் எழுந்து நின்றுவிட்டார்.

"ஃபாரின் பார்ட்டியா? மேடம், நீங்க பெட்டியத் தொடாதீங்க. நானே பாத்துக்கறேன். இது நம்ம பழைய வேலை."

கண் கலங்கியதா, பாலிஷ் வாடையா தெரியவில்லை. கம்பெனியில் சாம்பிள் ரூம் அவருடையது. டாகுமென்ட் செக்‌ஷன் என்னுடையது. இடையில் ஒரு கண்ணாடிக் கதவு. அவர் என் காகிதத்தைப் படித்ததில்லை. நான் அவர் பெட்டியைத் திறந்ததில்லை. முப்பது வருட நட்பு வேறெப்படி நிலைக்கும்? அன்றும் அப்படியே. அவர் பெட்டி கட்டினார். நான் இன்வாய்ஸ் அடித்தேன். ஆண்கள் தோல் ஷூ, ஒரு ஜோடி.

இன்று கடிதப் போக்குவரத்தை வரிசைப்படுத்தினேன். அவர் எழுதியது மூன்று, நாங்கள் எழுதியது மூன்று.

அவர் 1: வலது கால் மட்டும்தான் வந்தது, அதுவும் சேதம், படம் இணைத்திருக்கிறேன், கல்யாணம் நெருங்குகிறது.
நாங்கள் 1: தங்கள் மேலான மடல் கிடைக்கப்பெற்றோம். உள்ளடக்கம் கவனிக்கப்பட்டது.
அவர் 2: சரி, என்ன செய்யப் போகிறீர்கள்?
நாங்கள் 2: பொருள் எங்கள் தீவிர கவனத்தில் உள்ளது.
அவர் 3: நவம்பர் ஒன்று, சனிக்கிழமை கல்யாணம்.
நாங்கள் 3: தங்கள் கோரிக்கையின் தன்மையைத் தெளிவுபடுத்தக் கோருகிறோம்.

குறை சொல்ல இடமில்லாத கடிதங்கள். இப்போது யார் இப்படி எழுதுகிறார்கள்? எல்லோரும் கட்டைவிரல் படம் அனுப்புகிறார்கள்.

அவர் படங்களைத் திறக்கவில்லை. படம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஷார்ட்டேஜ் என்பது எனக்குப் பழகிய சொல். கம்பெனியில் எந்தப் பார்ட்டியும் சரக்கு முழுசாக வந்தது என்று எழுதியதே இல்லை. பத்துப் பெட்டி குறைகிறது என்பார்கள். அடுத்த ஆர்டருக்கு விலை குறை என்று அதற்கு அர்த்தம். முதலாளி சொல்லுவார்: "எதையும் ஒத்துக்காதம்மா. மரியாதையா எழுது. மூணு லெட்டர்ல களைச்சிடுவான்." களைத்துவிடுவார்கள். அந்த நாட்களில் மரியாதைக்கு அவ்வளவு பலம் இருந்தது.

கார்டு கம்பெனியின் உதவிப் பக்கத்தில் முதல் அறிவுரை: வாடிக்கையாளரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். படிக்கும்போதே கூச்சமாக இருந்தது.


நவம்பர் 5, புதன்

வெயில் திடீரென்று. குடை சுமந்தது வீண்.

வேலூர் போனேன். கொரியர் மண்டல அலுவலகத்தில் பட்டுவாடா ரசீது வாங்க. கனடாவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்ததற்கு அத்தாட்சி.

மாதனூரில் ஷூ கம்பெனிப் பெண்கள் இருவர் ஏறி எனக்கு முன் சீட்டில். ஒருத்தி போனில் வாங்கிய ஹேண்ட்பேக் கதை.

"வரவே இல்லன்னு பேங்க்ல போட்டுட்டேன்டி. காசு திரும்பி வந்துட்ச்சி."

"அப்ப தோள்ல இன்னா தொங்குது?"

"அதான் பேகு."

"அடிப்பாவி! கம்பெனிக்காரன் வயிறெரிய மாட்டானா?"

"அவனுக்கு இன்னா, கம்ப்யூட்டர்க்கு வயிறா கீது?"

தலைமையகத்துக்கு வயிறு உண்டு என்று முதுகைத் தட்டிச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஆனால் தர்மராஜ் விஷயத்தில் மிச்சமிருந்த சிறு சந்தேகமும் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் போய்விட்டது. கல்யாணத்துக்கு ஷூ வேண்டும், காசு மட்டும் கொடுக்கக் கூடாதென்றால் மனிதர் வேறென்ன சொல்வார்? ஆனாலும் ஒற்றைக் கால் என்றது புதுமை. அதற்கு மதிப்பெண் தரலாம்.

வேலூர். கோட்டை அகழியில் தண்ணீர் நிறைய. பழைய நாட்களில் இதே சாலையில் தகரப் பெட்டியில் டாகுமென்ட் எடுத்துக்கொண்டு வங்கிக்கு வருவேன். பியூன் பெட்டியைத் தூக்க, நான் குடையோடு. வங்கியின் ஃபாரின் டெஸ்க்கில் கண்ணாடி போட்ட ஒருவர் இருப்பார். ஒவ்வொரு தாளையும் விளக்குப் பக்கம் தூக்கிப் பார்ப்பார். கடைசியில் தலையை அசைத்து "க்ளீன்" என்பார். ஒரே சொல். அதற்காகவே அந்தப் பயணம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஜெ. என் எதையும் அப்படிச் சொன்னதில்லை.

கொரியர் கவுன்ட்டரில் இருந்தவர் ரசீதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "எடை ரொம்ப கம்மியா கீதே மேடம். கொழந்த ஷூவா?" என்றார்.

"ஆம்பளை ஷூ. நல்ல தோல் கனக்காது. ரெக்சின்தான் கனக்கும்."

"அப்டியா? நம்மளுது செம கனம் மேடம்." தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பாவம்.

எடை, தேதி, கையெழுத்து, எல்லாம் ரசீதில் தெளிவாக. அங்கே யாரோ வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெட்டி திறக்கப்படாத நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது.

தக்காளி வாங்கவில்லை. விலை கேட்டேன்.


நவம்பர் 6, வியாழன்

மழை. கரன்ட் இரண்டு முறை போனது.

கோப்பு தயார். இணைப்புகள்:

அ. ஆர்டர் நகல்
ஆ. இன்வாய்ஸ் (ஒரு ஜோடி)
இ. பேக்கிங் லிஸ்ட் (ஒரு பெட்டி, ஒரு ஜோடி). யாரும் கேட்கவில்லை. பேக்கிங் லிஸ்ட் இல்லாத கோப்பு கைப்பிடி இல்லாத டிபன் கேரியர்.
ஈ. பட்டுவாடா ரசீது
உ. கடிதப் போக்குவரத்து
ஊ. கடையின் விதிகள் (திருப்பி அனுப்ப விரும்புவோர் இரண்டு கால்களையும் அனுப்ப வேண்டும்)
எ. முன்கடிதம்

முன்கடிதத்தில் ஒரு பத்தி நன்றாக அமைந்தது. காலணி இயல்பாகவே ஜோடியாகத் தயாரிக்கப்பட்டு, ஜோடியாகப் பெட்டியிடப்பட்டு, ஜோடியாகவே விற்கப்படும் பொருள். அதில் பாதியைப் பிரித்து அனுப்ப எந்த வணிகருக்கும் காரணமிருக்க முடியாது. வாடிக்கையாளர் வலது கால் வந்ததை ஒப்புக்கொள்கிறார். ஒரே பெட்டியில் வலது வந்து இடது வராமல் போவது எவ்வாறு என்பதை அவரே விளக்கக் கடமைப்பட்டவர்.

எல்லாத் தாளிலும் ஊதா ஸ்டாம்ப். காயவைத்து ஸ்கேன் செய்தேன்.

ஜெ. ரிடையர் ஆகுமுன் வேலூரில் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு முழுசும் படித்தார்.

"பிரமாதம் ஹெலன். இதப் படிச்சா அந்தாளே அந்தாளுக்கு எதிரா சாட்சி சொல்லுவான்."

"சொல்லட்டும்."

"முனீர் பாய்ட்ட கேட்டியா?"

"என்ன கேக்கணும்?"

"ரெண்டு காலும் வெச்சாரான்னு."

"முப்பது வருஷம் சாம்பிள் ரூம் பாத்தவர்கிட்ட போய், ரெண்டு கால் வெச்சியான்னு கேக்கவா? அது அவர் இலாகா."

"நாங்கல்லாம் லேப்ல ரிசல்ட்டு விநோதமா வந்தா இன்னொரு வாட்டி குத்தி ரத்தம் எடுப்போம். பேஷன்ட் திட்டுவான். திட்டினாப் போறான்."

அவருக்கு ஏற்றுமதி தெரியாது.

பொத்தான். எதிர்க்கிறேன். ஒரு சின்னப் பெட்டி முளைத்தது: ஒருமுறை சமர்ப்பித்தால் மாற்றவோ திரும்பப் பெறவோ இயலாது, உறுதியா? ஆம் என்று அழுத்தினேன். திரைக்குள் அந்த வங்கிக் கண்ணாடிக்காரர் விளக்கருகே தாளைத் தூக்கிப் பிடிப்பதுபோல் இருந்தது.

காபி இரண்டாவது டம்ளர். சந்தோஷத்தில்.


நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டு, தோல் பதனிடும் டேனரி வாடை திரும்பி வந்தது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது பள்ளிக்கூடம், சம்பளம், கல்யாணப் பட்டுப்புடவை எல்லாம் கலந்த வாடை.

ஆலயம். காணாமற்போன ஆடு பற்றிய பிரசங்கம். ஒரு ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதை வனாந்தரத்தில் விட்டுப் போனாராம் மேய்ப்பர். எங்கள் ஊர் வனாந்தரத்தில் விட்டுப் பார்க்கட்டும். திரும்பி வரும்போது தொண்ணூற்றொன்பதும் தோலாகி உப்புப் போட்டு அடுக்கியிருக்கும்.

மதியம் தூக்கம் வரவில்லை. கம்பெனி நினைவு. ஒரு வருடம், பெயர் மறந்துபோன ஒரு பார்ட்டிக்குப் போன கன்டெய்னர் தவறான துறைமுகத்தில் இறங்கிவிட்டது. ஆனால் காகிதம் சரியான ஊருக்குப் போனது. எல்லாம் நான் அடித்தது. அந்த நாட்டு வங்கி தாளைப் பார்த்தது, எண்ணிப் பார்த்தது, பணத்தை அனுப்பிவிட்டது. சரக்கு எங்கேயோ வெயிலில். முதலாளி செக்‌ஷனுக்கே வந்தார். "பாத்தியாம்மா, பேங்க்குக்குச் சரக்கு தெரியாது. பேப்பர்தான் தெரியும்." எல்லோருக்கும் கப் ஐஸ்கிரீம். மரக்கரண்டி. டைப்ரைட்டர்கள் நிற்க, பத்துப் பேர் சத்தமில்லாமல் நக்கிக்கொண்டிருந்தோம். பாய் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தன் கப்பைத் தூக்கிக் காட்டினார்.

அந்தப் பார்ட்டிக்குச் சரக்கு கடைசியில் கிடைத்ததா? தெரியவில்லை. அன்று கேட்கத் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் இன்றுதான் முதல் தடவை தோன்றியது. அதிகம் சாப்பிட்டிருக்கிறேன்.


நவம்பர் 10, திங்கள்

மழை இல்லை.

பாய் வந்தார். கல்யாண லட்டு ஒரு டப்பா. மாப்பிள்ளை வீட்டார் பற்றிப் பத்து நிமிடம். பிரியாணியில் உப்பு கம்மி, பேச்சில் ஜாஸ்தி.

பிறகு நான் என் செய்தியைச் சொன்னேன். தகராறு வந்தது, எதிர்த்தது, கோப்பு, ஊதா ஸ்டாம்ப். கதையாகவே சொன்னேன். நன்றாகச் சொல்வதாக எனக்கே பட்டது.

"ஒத்தக் கால்தான் வந்துச்சாம் பாய். துணிச்சலப் பாருங்க."

பாய் லட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "ஆமா. ஒத்தக் கால்தானே அனுப்புனோம்" என்றார்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எந்தக் காலத்துல மேடம் ஃபாரினுக்கு ஜோடியா அனுப்பிக்கிறோம்? வலது கால் ஒண்ணு. அடியில சோல்ல ஓட்டை. ஜோடியா போனா எவனாச்சும் வித்துடுவான், கஸ்டம்ஸ்லயும் டூட்டி போடுவான். பார்ட்டி பாத்து ஓகேன்னு எழுதுனா அப்பறம் ப்ரொடக்‌ஷன். உங்களுக்குத் தெரியாதா?"

"அது சாம்பிள் பாய்."

"சாம்பிள்தான்."

"இது ஆர்டர்."

"ஆர்டர்னா கன்டெய்னர்ல போவும். கொரியர்ல போறது சாம்பிள்தானே மேடம்?"

கோப்பை எடுத்து இன்வாய்ஸைப் பார்த்தேன். ஒரு ஜோடி.

"மதுரைக்கு, சேலத்துக்கெல்லாம் ஜோடியா அனுப்பினீங்களே பாய்."

"அது லோக்கலு." சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார்.

எனக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியும். 'ஒற்றைக் கால், துளையிடப்பட்டது, விற்பனைக்கு உரியதல்ல, வணிக மதிப்பு இல்லை.' இந்த வரியை எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். வரியைத்தான் தெரியும். அந்தக் காலைப் பார்த்ததில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அது.

தர்மராஜ் அனுப்பிய படங்களைத் திறந்தேன். முதல் படம்: வெள்ளை விரிப்பின்மேல் ஒரு வலது கால், பளபளவென்று. இரண்டாவது: கவிழ்த்து வைத்து எடுத்தது. சோலின் நடுவில் துளை, சுத்தமாக, ஓரம் பிசிறில்லாமல். பாயின் கைவேலை. மூன்றாவதில் ஷூவுக்குப் பக்கத்தில் கால் வைத்துக் காட்டியிருக்கிறார், வெறும் கால். இரண்டு கால்.

பாய் எழுந்து தன் பீரோவைத் திறந்தார். மேல் தட்டு, டிஷ்யூ பேப்பர் சுற்றி, இடது கால்.

"ஓகே வரும்னு வாராவாரம் பாலிஷ் போட்டு வெச்சிக்கினு இருந்தேன்."

ஜெ. எட்டிப் பார்த்தார். லேப் கதையை எடுக்கவில்லை. அதை அவருக்கு வரவு வைக்கிறேன்.


நவம்பர் 11, செவ்வாய்

தோற்க வேண்டும். அதுதான் இப்போது தேவை. கார்டு வசதி போகட்டும் என்றார் பாய். நான் சொல்வதற்கு முன்பே.

திரையில் ஏற்கிறேன் பொத்தான் இல்லை. இருந்த இடத்தில் சாம்பல் நிறம். உதவி எண்ணுக்குப் பேசினேன். இசை. பிறகு ஒரு பெண், சென்னைக் குரல்.

"மேடம், உங்க எவிடன்ஸ் சூப்பரா இருக்குன்னு நோட் போட்டிருக்காங்க. கவலையே படாதீங்க."

"அத வாபஸ் வாங்கணும்மா. தப்பு எங்க மேல."

"புரியல மேடம். ஜெயிக்கணும்னுதானே அனுப்புனீங்க?"

"ஆமா. இப்ப தோக்கணும்."

"தோக்கறதுக்கு ஆப்ஷன் இருந்துச்சே மேடம், மொதல்ல. இப்ப லாக் ஆயிடுச்சு. பேங்க் டிசைட் பண்ணும்."

"பேங்க்குக்கு நான் ஒரு லெட்டர் எழுதினா?"

"எக்ஸ்ட்ரா டாகுமென்ட் எடுக்க மாட்டாங்க மேடம். நீங்க அனுப்பினதே கம்ப்ளீட்டுன்னு வந்துருக்கு."

"சரி, பணத்தை நானே அவருக்குத் திருப்பி அனுப்பறேன்."

"தகராறு ஓப்பன்ல இருக்கும்போது ரீஃபண்ட் பண்ணாதீங்க மேடம். ரெண்டு வாட்டி போயிடும். ப்ளீஸ். எல்லாருக்கும் அதான் சொல்லுவோம்." கடைசியில், "இந்த உரையாடலுக்கு எத்தனை ஸ்டார் தருவீங்க?"

ஐந்து. பாவம், அவள் இலாகாவில் குறையில்லை.


நவம்பர் 12, புதன்

காலை முழுதும் தர்மராஜுக்குக் கடிதம். முதல் வரைவு: 'தங்கள் மேலான மடல்கள் மீண்டும் பரிசீலிக்கப்பட்டதில்.' கிழித்தேன், அதாவது அழித்தேன். இரண்டாவது: 'எங்கள் தரப்பில் ஏற்பட்டதாக அறியப்படும்.' அழித்தேன். யார் அறிந்தார், யார் தரப்பு? முப்பது வருடத்தில் 'நான்' என்று ஒரு கடிதம் ஆரம்பித்ததில்லை என்று இன்று கண்டுபிடித்தேன். செக்‌ஷனில் 'நாங்கள்' மட்டும்தான் வேலை பார்த்தோம். நல்ல கூட்டம் அது, யாரும் தனியாக மாட்டியதில்லை.

கடைசியில் தமிழில் எழுதினேன். குடியாத்தத்துக்காரர்தானே.

'ஐயா, நீங்கள் சொன்னது உண்மை. ஒரு கால்தான் அனுப்பினோம். துளையும் நாங்கள் போட்டது. வெளிநாடு என்றால் சாம்பிள் என்று பழக்கம். உங்கள் படத்தை நான் நேற்று முன்தினம்தான் பார்த்தேன். உங்கள் வங்கிக்கு உங்களைப் பொய்யர் என்று எழுதி அனுப்பியதும் நான்தான். திரும்பப் பெற முயன்றேன், முடியவில்லை. பணத்தை நேராக உங்கள் கணக்குக்கு அனுப்புகிறேன். கணக்கு விவரம் தாருங்கள். கல்யாணத்தன்று என்ன செய்தீர்கள்? ஹெலன்.'

உரக்கப் படிக்க, பாய் பின்னால் நின்று கேட்டார். "ஓட்டை போட்டது முனீர்னு பேர் போடுங்க மேடம்."

"வேணாம் பாய்."

"போடுங்க. நாங்கன்னா யாரு? ஓட்டை நான் போட்டது. உங்க கை அதுல எங்க வந்துச்சி?"

போட்டேன்.


நவம்பர் 14, வெள்ளி

நல்ல வெயில்.

தர்மராஜ் பதில். தமிழில்தான். கைபேசியில் தட்டியது தெரிகிறது, புள்ளிகள் இல்லை. சாராம்சம்:

விஷயத்தைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்களாம். மகள் அதை இரண்டு முறை படிக்கச் சொன்னாளாம். கல்யாணத்துக்குப் பழைய பழுப்பு ஷூவைக் கறுப்பு பாலிஷ் போட்டுச் சமாளித்தாராம். கறுப்புப் பூச்சு வழியாக ஒரு கோடு பழுப்பு தெரிந்தது, போட்டோவில் விழுந்திருக்கிறது. அப்பா குடியாத்தத்தில் தோல் வியாபாரம் பார்த்தவர், சிறுவயதில் வீடு நிறைய ஒற்றைக் கால்கள் கிடக்கும், எல்லாம் ஓட்டையோடு, அவற்றை வைத்துத் தங்கையும் அவரும் படகு விட்டிருக்கிறார்கள், ஓட்டையால் மூழ்கும். இந்த ஒற்றைக் கால் வந்தபோது ஏன் அது நினைவு வரவில்லை என்று தெரியவில்லை என்கிறார். பணம் வேண்டாமாம். வங்கி ஏற்கெனவே தன் கணக்கில் தொகையைப் போட்டுவிட்டது, தற்காலிகம் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார்கள், அது சும்மா சம்பிரதாயமாம். முடிவில் அவர் சொல்லிலேயே: இரண்டு பக்கமும் வாங்கினால் நான் திருடனாவேன் அம்மா. முனீர் பாய்க்கு சலாம் சொல்லுங்கள்.

பாய்க்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் தொப்பியைக் கையில் வைத்தபடி நின்று கேட்டார்.

"படகு விட்டாங்களாமா?"

"ஆமா."

"எந்தக் கம்பெனி சாம்பிளு?"

"எழுதல."

"கேளுங்க மேடம். நம்மளுதா இருந்தாலும் இருக்கும்." வாசல்வரை போய்த் திரும்பி, "கறுப்புல பழுப்பு தெரிஞ்சிதாமா? ரெண்டு கோட்டு பாலிஷ் போதாது. மொதல்ல மெழுகு வெச்சித் தேய்க்கணும்" என்றார்.

இனிமேல் வெளியூர் போகும் பெட்டியை ஒட்டுமுன் நான் திறந்து பார்க்க வேண்டும் என்று அவரே விதி போட்டார். நானும் ஒரு விதி போட்டேன். என் கடிதம் எதுவும் போகுமுன் அவர் படிக்க வேண்டும். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். ஆகவே தமிழில்.

ஒரு வாரமாகப் புது ஆர்டர் இல்லை. தக்காளி இறங்கியிருக்கிறது. வாங்கினேன்.


நவம்பர் 18, செவ்வாய்

தூறல்.

படகு விட்டது எந்தக் கம்பெனி சாம்பிள் என்று கேட்டு எழுதினேன். பாய் ஒப்புதலுடன். தர்மராஜ் பதில்: நினைவில்லை, ஆனால் எல்லாமே வலது கால் என்பது நிச்சயம், இடது கால்கள் எல்லாம் எங்கே போயின என்று தங்கை அழுதிருக்கிறாள்.

பாய் தன் பீரோ பக்கம் பார்த்தார். "ரூம்லயே இருக்கும் மேடம். நாங்க எரிச்சிடுவோம், வருஷக் கடைசில." பிறகு, "இத அவருக்கு எழுத வேணாம்."

எழுதவில்லை.


நவம்பர் 27, வியாழன்

மழை. கரன்ட் இல்லை, பதினொன்றுக்கு வந்தது.

மின்னஞ்சல். விற்பனையாளர் சமர்ப்பித்த ஆவணங்கள் முழுமையாகவும் ஒன்றோடொன்று முரணின்றியும் இருந்ததால் தகராறு விற்பனையாளருக்குச் சாதகமாக முடிக்கப்பட்டது. வாடிக்கையாளர் கணக்கில் தற்காலிகமாக வைக்கப்பட்ட தொகை அவரிடமிருந்து திரும்பப் பெறப்பட்டது. முடிவு இறுதியானது. கார்டு வசதி தொடரும்.

மதியம் தர்மராஜின் பணம் ஜெ. கணக்கில் ஏறியது.